சொட்டு மருந்துக்கு அடங்காத கண்ணீர்ப் பைச் சீழ்

ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் நீர் வடிந்துகொண்டிருக்கும். காலையில் எழுந்தால் இமையோரத்தில் பீளை அப்பியிருக்கும். கண்ணின் உள்மூலைக்குக் கீழே, மூக்கை ஒட்டிய இடத்தில் விரலால் அழுத்தினால் சளி போலவோ சீழ் போலவோ திரண்டு கண்ணுக்குள் வரும். வலி இருக்காது, பார்வையும் குறையாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். தொந்தரவு அதிகமானால் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து. நாலு நாள் குறையும், அப்புறம் பழைய கதைதான்.

இது கண்ணீர்ப் பையின் நாள்பட்ட தொற்று. எந்தக் கிருமியால் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதை விரிவாகவே பார்க்கலாம். ஆனால் கிருமியின் பெயரைக் கண்டுபிடித்து அதற்கேற்ற மருந்தைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள்தான் வருஷக்கணக்கில் சொட்டு மருந்தோடு அலைகிறார்கள். இந்த நோயில் அடைப்பு முந்தி வருகிறது, கிருமி பிந்தி வருகிறது. சிகிச்சையும் அந்த வரிசையில்தான் போகவேண்டும். அதற்காகக் கிருமி எதுவாயிருந்தால் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. மதுரையைச் சுற்றியுள்ள விவசாயப் பகுதியில், அந்தப் பைக்குள் இருக்கும் ஒரு கிருமி பார்வையையே பறித்துவிடக் கூடியது.

மேல் இமைக்கு உள்ளே, நெற்றிப் பொட்டுப் பக்கமாகக் கண்ணீர்ச் சுரப்பி இருக்கிறது. சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு மைக்ரோலிட்டர் கண்ணீர் சுரக்கும். அதில் கொஞ்சம் காற்றில் ஆவியாகும். மீதி, மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக உள்மூலைக்கு அருகே இருக்கும் இரண்டு சிறு துளைகள் வழியாக இறங்கும். கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் ஊசி முனையளவில் அந்தத் துளை தெரியும். அங்கிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள் ஓடி, மூக்கெலும்பின் ஓரத்துக் குழியில் உட்கார்ந்திருக்கும் கண்ணீர்ப் பையில் சேர்கின்றன. பையின் உயரம் 12 முதல் 15 மில்லிமீட்டர். அதன் அடியிலிருந்து எலும்புக்குள்ளாக இறங்கும் நாளம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் ஓடி மூக்குக்குள் திறக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணுக்கு விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இந்த வழியால்தான். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமைத் தசை பையை அழுத்தி விடுவிக்கிறது, கண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கீழே தள்ளப்படுகிறது.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அடைபடுவது கடைசிப் பகுதி, அதாவது எலும்புக்குள் இறங்கும் நாளம். அதன் உட்பூச்சு அழற்சியால் வீங்கும். வீக்கம் வந்து வந்து போய், கடைசியில் தழும்பாகி வழி சுருங்கும். பெண்களுக்கு இந்த எலும்புக் குழல் இயல்பாகவே ஆண்களுடையதைவிடக் குறுகலானது. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுவதற்கு அது ஒரு காரணம். மூக்கில் அடிபட்டவர்கள், மூக்குத் தண்டு வளைந்தவர்கள், மூக்கில் சதை வளர்ந்தவர்கள், தீராத சைனஸ் தொல்லை உள்ளவர்கள் ஆகியோருக்கும் வரலாம். பலருக்குக் குறிப்பிட்ட காரணம் எதுவுமே அகப்படாது.

வழி அடைத்த பிறகு பைக்குள் நடப்பது நம் பக்கத்துக் கண்மாயில் மடை அடைத்துக்கொண்டால் நடப்பதுதான். தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும், நாற்றம் எடுக்கும். பாசியை எத்தனை முறை அள்ளிப் போட்டாலும் மடை திறக்காதவரை திரும்பப் பிடிக்கும்.

கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. அதில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் அதை உலகுக்கு அறிவித்தார். முதலில் மூக்குச் சளியில் பார்த்தவர், பிறகு எலுமிச்சைச் சாற்றால் கண்ணில் நீர் வரவைத்துச் சேகரித்து ஆராய்ந்தார். பாக்டீரியாவின் வெளிச்சுவரைத் துண்டாக்கும் நொதி அது. கூடவே இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின் என்ற புரதம் இருக்கிறது, நோய் எதிர்ப்புப் புரதங்களும் இருக்கின்றன. ஆனாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் தங்கள் சுவரைச் சற்று மாற்றிக்கொண்டு லைசோசைமுக்குத் தப்பிவிடுகின்றன. அவற்றுக்கு எதிராகக் கண்ணிடம் மிஞ்சியிருக்கும் பெரிய பாதுகாப்பு ஓட்டம்தான், இடைவிடாமல் அடித்துக்கொண்டு போவதுதான். அடைப்பு வந்ததும் முதலில் பறிபோவது அது. தேங்கிய கண்ணீரோடு பையின் உட்பூச்சு சுரக்கும் சளியும் சேர, கிருமிக்கு ஈரமும் உணவும் உடம்புச் சூடும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன.

சரி, அந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. மேலே இமையும் வெண்படலமும், கீழே மூக்கும் தொண்டையும். இந்த இரண்டு பக்கமும் எப்போதும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இமைத் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் இல்லாத மனிதர் கிடையாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நூறு பேரில் இருபது முப்பது பேருடைய மூக்கில் நிரந்தரமாகவே தங்கியிருக்கும். நிமோகாக்கஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேயும் மூக்கின் பின்பகுதியிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் இருப்பவை.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால், நாள்பட்ட கண்ணீர்ப் பைத் தொற்றில் அடிக்கடி வருவது கோஆகுலேஸ் இல்லாத ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகள். எபிடெர்மிடிஸ் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரத்தத்தின் தெளிநீரை உறையவைக்கும் கோஆகுலேஸ் என்ற நொதி ஆரியஸிடம் உண்டு, இவற்றிடம் இல்லை. அந்த ஒரு சோதனையை வைத்தே இரண்டையும் பிரிக்கிறார்கள். சிவந்து, வீங்கி, காய்ச்சலோடு திடீரென வரும் கண்ணீர்ப் பைத் தொற்றில் ஆரியஸ்தான் முன்னால் நிற்கும். திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் செய்து 2008-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வும் இதையே சொன்னது: திடீர்த் தொற்றில் ஆரியஸ், நாள்பட்டதில் கோஆகுலேஸ் இல்லாத வகை.

அடுத்து நிமோகாக்கஸ். முழுப் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. நுரையீரலில் நிமோனியாவையும் மூளை உறையில் காய்ச்சலையும் கொண்டுவரும் அதே கிருமிதான். கண்ணீர்ப் பையில் அது எத்தனை அமைதியாக இருந்தாலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். காரணத்தைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இன்னொரு கூட்டம் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள், அதாவது ஆய்வுக்கூடத்தில் போடும் கிராம் சாயத்தின் ஊதா நிறத்தைத் தக்கவைக்காதவை: ஹீமோஃபிலஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், சிட்ரோபாக்டர், ஈ. கோலை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் கிருமிகளும் உண்டு. பையே மூடிய இடம், அங்கே ஆக்சிஜன் குறைவு, அதனால் இவை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் சாதாரணக் கல்ச்சரில் இவை வளரா. தனி ஊடகத்தில், காற்றுப் படாமல், ஒரு வாரம் வரை வைத்திருந்து பார்க்கவேண்டும். 'வளர்ச்சி இல்லை' என்று வரும் அறிக்கைகளில் ஒரு பங்குக்கு இது காரணம். முந்தின நாள் வரை விட்ட சொட்டு மருந்து இன்னொரு காரணம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, வெளியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பஞ்சுக் குச்சியைக் கண்ணோரத்தில் தடவி அனுப்பினால் ஆய்வுக்கூடத்தில் வளர்வது இமைத் தோலில் இருந்த எபிடெர்மிடிஸ். அறிக்கையில் அதன் பெயர் வரும், அதற்கு எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலும் வரும், பைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. முறையாகச் செய்கிறவர்கள் முதலில் கண்ணோரத்தில் இருக்கும் பீளையைத் துடைத்துவிட்டு, கீழ் இமையை விலக்கிப் பிடித்து, பையின் மேல் அழுத்தி, துளை வழியாகப் புதிதாக வெளிவருவதை மட்டும் இமையோரம் படாமல் எடுப்பார்கள். ஆபரேஷன் நேரத்தில் பையைத் திறந்து உள்ளிருந்தே எடுப்பது இன்னும் நம்பகமானது.

எடுத்ததை ஒரு கண்ணாடித் தகட்டில் தடவிக் கிராம் சாயம் போடுவார்கள். பிறகு கிருமி வளர்க்கும் அகார் என்ற கூழை ஊற்றிய தட்டுகள்: ஆட்டு ரத்தம் சேர்த்த பிளட் அகார் தட்டிலும், ரத்தத்தைச் சூடாக்கிச் செய்யும் சாக்லேட் அகார் தட்டிலும், மெக்காங்கி அகாரிலும் கோடு கோடாக இழுப்பார்கள். ஹீமோஃபிலஸுக்கு ரத்த அணுக்களுக்குள் இருக்கும் இரண்டு பொருள்கள் வேண்டும், சாக்லேட் அகாரில்தான் அவை வெளிவந்து கிடைக்கும். அந்தத் தட்டு இல்லாத ஆய்வுக்கூடத்தில் ஹீமோஃபிலஸ் இருந்தும் இல்லை என்றுதான் வரும். மறுநாள் காலை பிளட் அகாரைத் திறந்தால், ஆரியஸ் பொன்னிறத்தில் திரண்டு நிற்கும். நிமோகாக்கஸ் சின்னச் சின்னத் திட்டுகளாக, சுற்றிலும் பச்சை வளையத்தோடு இருக்கும். இன்னொரு நாள் விட்டால் ஒவ்வொரு திட்டின் நடுவும் குழிந்துவிடும், அந்தக் கிருமி தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஆப்டோகின் என்ற மருந்து தோய்த்த சிறு வில்லையை வைத்தால் அதைச் சுற்றி வளராது. தொண்டையில் இருக்கும் மற்ற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் அந்த வில்லைக்கு அடங்கா. சூடோமோனாஸ் இருந்தால் மூடியைத் திறந்ததுமே இனித்த வாசனை அடிக்கும், தட்டு முழுக்கப் பச்சை பாரிக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எபிடெர்மிடிஸ் வளர்ந்தால் அது நோய்க் கிருமியா, வழியில் ஒட்டிக்கொண்டு வந்ததா? தட்டில் பெயரைப் பார்த்து மட்டும் சொல்லமுடியாது. கிராம் சாயத் தகட்டில் சீழ் அணுக்கள் நிறைய இருந்து, அவற்றுக்குள்ளேயே கிருமி தெரிந்து, தட்டிலும் அது ஒன்றே அடர்த்தியாக வளர்ந்திருந்தால் அதை நம்பலாம். நாலைந்து திட்டுகள் மட்டும் அங்குமிங்கும் இருந்தால் தோலிலிருந்து வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எபிடெர்மிடிஸ் பொதுவாகச் சாதுவான கிருமி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டமில்லாத இடத்தில் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாகப் பதுங்கிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. தட்டில் தனியாக வளர்த்துப் பார்த்தபோது எளிதில் சாகும் கிருமி பைக்குள் சாகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நிமோகாக்கஸைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை நிமோகாக்கஸ் அதைத் துளைத்துக்கொண்டு போகாது. அதற்கு ஒரு கீறல் வேண்டும். சோழவந்தானிலோ வாடிப்பட்டியிலோ அறுப்பு நேரத்தில் நெல் தாள் கண்ணில் பட்டால் போதும், சோளத்தட்டையோ கரும்புச் சோகையோ உரசினாலும் போதும். சாதாரணமாக அந்தச் சிராய்ப்பு ஓரிரு நாளில் ஆறிவிடும். கண்ணீர்ப் பையில் நிமோகாக்கஸ் குடியிருப்பவருக்கு அப்படியில்லை. அவருடைய கண்ணுக்குள் சீழ் பகலும் இரவும் கசிந்துகொண்டே இருக்கிறது. கீறல் விழுந்த அன்றே கிருமி உள்ளே இறங்கிவிடும். கருவிழியில் வெள்ளையாகப் புண் தோன்றி ஒரு பக்கமாக ஊர்ந்து பரவும், உள்ளே சீழ் அடியில் தேங்கி நிற்கும், கவனிக்காமல் விட்டால் கருவிழி ஓட்டையாகும். ஆறினாலும் நடுவில் வெண்தழும்பு மிஞ்சும்.

மதுரையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 1993-ஆம் ஆண்டு கணக்கின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்னால் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை, மீதிப் பேருக்கு இரண்டும் கலந்தோ வேறு நுண்ணுயிரோ. பாக்டீரியாக்களில் முதலிடம் நிமோகாக்கஸுக்கு, ஏறத்தாழ 44 சதவீதம். அடுத்து வந்த சூடோமோனாஸ் 14 சதவீதம்தான். இத்தனை நிமோகாக்கஸும் கண்ணீர்ப் பையிலிருந்து வந்தது என்று சொல்லமுடியாது, மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் விரல் வழியாகவும் வரும். ஆனால் நிமோகாக்கஸ் புண்ணோடு ஒருவர் வந்தால் கண் டாக்டர் அடுத்து அழுத்திப் பார்ப்பது மூக்கோரத்தைத்தான். பை அடைத்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் புண் ஆறுவது கஷ்டம். மருந்து ஒரு பக்கம் கொல்லக் கொல்ல இன்னொரு பக்கம் கிருமி வந்துகொண்டே இருக்கும்.

கண்ணில் தூசி விழுந்தால் ஊர்ப் பக்கம் என்னென்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், தூசி எடுப்பதற்கென்றே ஊரில் பேர்போன ஒருவரிடம் போய் நாக்கால் துழாவச் சொல்வார்கள். பாசத்தோடு செய்வதுதான். ஆனால் நாக்கிலும் எச்சிலிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் நிறைய இருக்கின்றன. ஏற்கெனவே சீழ் கசியும் கண்ணில் கீறல் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடவேண்டும்.

கண்புரை ஆபரேஷனுக்கும் இதே ஆபத்து உண்டு, இடம்தான் வேறு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் இன்று புரை ஆபரேஷனுக்கு உலகறிந்த இடமாகிவிட்டது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கேம்ப்பில் போய் ஆபரேஷன் செய்துகொண்டவர் இருப்பார். அவர்களைக் கேட்டால் பி.பி., சுகர் பார்த்ததோடு 'டக்ட்', அதாவது கண்ணீர் இறங்கும் வழி, பார்த்ததையும் சொல்வார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கீழ் இமைத் துளையில் மழுங்கிய முனையுள்ள மெல்லிய ஊசியை நுழைத்து, சிரிஞ்சில் இருக்கும் சலைனை மெதுவாக உள்ளே தள்ளுவார்கள்.

"உப்புத் தண்ணி தொண்டைக்கு வருதாம்மா?"

"வரலைங்க டாக்டரம்மா. கண்ணுலதான் வழியுது."

தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. கீழ்த் துளையில் விட்ட தண்ணீர் மேல்துளை வழியாகத் திரும்பி வந்தால் அடைப்பு பையிலோ அதற்குக் கீழோ இருக்கிறது. விட்ட துளையிலேயே திரும்பினால் அந்த மெல்லிய குழாயிலேயே அடைப்பு. தெளிந்த தண்ணீராக வராமல் சளியும் சீழுமாகத் திரும்பினால் அன்றைக்குப் புரை ஆபரேஷன் கிடையாது. 'இத்தனை தூரம் வந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்களே' என்று சிலர் வருத்தப்படுவார்கள். அப்படித் திருப்பி அனுப்புவதில்தான் அவர்கள் கண் பிழைத்திருக்கிறது. புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணின் உள்ளறையில் சீழ் பிடிப்பது அபூர்வம், ஆனால் பிடித்தால் சில நாளிலேயே பார்வை போய்விடும். அப்படிப் பிடிக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை நோயாளியின் சொந்த இமையிலும் கண் ஓரத்திலும் இருந்தவை. ஆபரேஷனுக்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் விடுவது அதைத் தடுக்கத்தான். பைக்குள் சீழ் நிறைந்திருந்தால் அயோடினால் மேலே இருப்பதைத்தான் சுத்தப்படுத்த முடியும்.

இனி மருந்து. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து ஏன் தோற்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். அடைபட்ட பைக்குள் மருந்து போதிய அளவில் இறங்குவதில்லை. இறங்கினாலும் தேங்கிய சீழில் நீர்த்துப்போகும். ரத்தத்தின் வழியாகப் போகும் மாத்திரை பையின் சுவர்வரை வரும், உள்ளே தேங்கியிருக்கும் குட்டைக்கு வருவது குறைவு. இதற்கு மேல் கிருமிக்குக் கிருமி மருந்து மாறும். ஜென்டாமைசின், டோப்ராமைசின் சொட்டு மருந்துகளுக்கு நிமோகாக்கஸ் இயல்பாகவே அவ்வளவாக அடங்காது. குளோராம்பெனிகால் பல கிருமிகளுக்குக் கேட்கும், சூடோமோனாஸுக்குக் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசின் சூடோமோனாஸுக்கு நல்லது, நிமோகாக்கஸுக்குச் சுமார்தான். பையில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமிகள் சேர்ந்திருந்தால் ஒன்றை அடக்கும் மருந்து மற்றதுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். மாதக்கணக்கில் விட்டு விட்டுப் போட்டால் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளே கடைசியில் மிஞ்சும்.

இவை எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் பற்றி. போட்டதும் சிவப்பு போகும், உறுத்தல் போகும், 'நல்ல மருந்து' என்று பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். கண்ணின் எதிர்ப்புச் சக்தியை அது தணித்துவிடுகிறது. கருவிழியில் கீறல் இருக்கும்போது அதைப் போட்டால், குறிப்பாகப் பூஞ்சை என்றால், புண் வேகமாகப் பரவும். டாக்டர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்து எழுதித்தராமல் அந்த மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது.

நிரந்தரத் தீர்வு ஆபரேஷன்தான். பெயர் டாக்ரியோசிஸ்டோரைனோஸ்டமி, சுருக்கமாக டி.சி.ஆர். அடைபட்ட நாளத்தை அப்படியே விட்டுவிட்டு, பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு சன்னல் திறந்து, பையின் உட்பூச்சையும் மூக்கின் உட்பூச்சையும் சேர்த்துத் தைத்துப் புது வழி அமைப்பார்கள். இத்தாலியைச் சேர்ந்த அடியோ டோட்டி 1904-இல் செய்து காட்டியது இதற்கு அடிப்படை. உட்பூச்சுகளைச் சேர்த்துத் தைக்கும் முறை 1921-இல் பிரான்சில் வந்தது. மூக்கோரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீறிச் செய்யும் முறையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் செய்தால் முகத்தில் தழும்பு இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷனை முடித்துவிடலாம். ரொம்ப வயதானவர்கள், ஏற்கெனவே கண் வறண்டவர்கள், அவசரமாகப் புரை ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் ஆகியோருக்குப் பையையே எடுத்துவிடுவார்கள், அதற்கு டி.சி.டி. என்று பெயர். சீழ் நிற்கும், ஆனால் நீர் வடிவது தொடரும். எழுபது வயதுப் பாட்டிக்கு அது போதுமானதாக இருக்கலாம், நாற்பது வயதுக்காரருக்கு டி.சி.ஆர். செய்வதுதான் நியாயம் என்பது என் எண்ணம். ஓட்டம் திரும்பியதும் பெரும்பாலும் கிருமிக்கென்று நீண்ட மருந்து தேவைப்படாது. முதல் ஒன்றிரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக்கூடாது, டாக்டர் சொல்லும் நாளில் போய்ச் சலைன் விட்டு வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

கண்ணில் நீரும் பீளையும் வந்தால் எல்லாமே இந்தத் தொற்று ஆகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். துளை சிவந்து பிதுங்கி, அழுத்தினால் மஞ்சள் நிறத்தில் மணல் போன்ற துகள்கள் வந்தால் அது பையில்லை, மெல்லிய குழாயில் ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியா செய்யும் வேலை. துகள்களைச் சுரண்டி எடுக்கவேண்டும், டி.சி.ஆர். தேவையில்லை. கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, உள்மூலைக்கு மேற்பக்கமாகக் கெட்டியான வீக்கம் இருந்தாலோ கட்டியாக இருக்கக்கூடும், தள்ளிப்போடக் கூடாது.

ரத்தம் கலந்த கண்ணீருக்கு நம் தென்மாவட்டங்களில் இன்னொரு காரணமும் உண்டு. கண்மாயிலும் ஊருணியிலும் குளிக்கும் பழக்கமுள்ள மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பகுதிகளில் ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் மூக்கில் சிவந்த, தொட்டால் ரத்தம் வரும் சதையாக வளர்வதைப் பார்க்கலாம். 1900-இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் முதலில் விவரித்தது. வெகுகாலம் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள், இப்போது நீர்வாழ் உயிர்களைத் தாக்கும் தனி வகை நுண்ணுயிர்களோடு சேர்க்கிறார்கள். அது சில நேரம் கண்ணீர்ப் பைக்குள்ளும் புகுந்துவிடும். சலைன் விட்டால் வழி திறந்தே இருக்கும், ஆனால் பை மெத்தென்று வீங்கியிருக்கும், ரத்தம் கசியும். ஆன்டிபயாடிக்கால் ஒன்றும் ஆகாது, முழுவதுமாக வெட்டி எடுக்கவேண்டும். அதற்குப் பிறகும் திரும்ப வரும் என்பதால் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கவேண்டும். வீங்கிய மூக்கோரத்தோடு வரும் நோயாளியிடம் 'கண்மாயில் குளிப்பீர்களா' என்று கேட்காமல் நம் பக்கத்து டாக்டர் யாரும் விடமாட்டார்.

நாள்பட்ட தொற்று சில நேரம் திடீரென்று வெடிக்கும். உள்மூலைக்குக் கீழே சிவந்து, தொடவிடாமல் வலித்து, கன்னம்வரை வீங்கும். இமை வீங்கிக் கண் திறக்கமுடியாமல் போனாலோ, கண்ணை அசைக்க வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கண்குழிக்குள் சீழ் பரவிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை வரைகூடக் காத்திருக்கவேண்டாம். அந்த நேரத்தில் அழுத்திச் சீழை எடுக்கப் பார்ப்பதும், ஊசியால் குத்திவிடுவதும் ஆபத்து. டாக்டர்களும் அப்போது சலைன் விட்டுப் பார்க்கமாட்டார்கள். மாத்திரையோ ஊசியோ கொடுத்து, சீழ் கோத்திருந்தால் கீறி வடித்து, வீக்கம் முழுக்க அடங்கிய பிறகு டி.சி.ஆருக்கு நாள் குறிப்பார்கள். வலி போய்விட்டதே என்று பலர் அந்த நாளுக்குப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. சில மாதத்தில் மறுபடி வீங்கும், அல்லது தோலில் ஓட்டை விழுந்து மூக்கோரத்தில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். ஓட்டை விழுந்த பிறகு ஆபரேஷன் செய்கிறவருக்கும் வேலை அதிகம், செய்துகொள்கிறவருக்கும் தழும்பு பெரிது.